போலீஸ் ரிப்போர்ட் இல்லை, பின்னால் இடித்தவர் பேச்சை மாற்றுகிறார்: இழப்பீடு கேட்க வழி உண்டா?

கீழ்வானம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

11 நாளைக்கு முன்னால், மாலை 7 மணி இருக்கும், லேசான தூறல். சிவப்பு விளக்கில் என் கார் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த கார் இடித்தது. பின் பம்பர் உள்ளே போய்விட்டது, டிக்கி மூடவில்லை, இடது பக்க விளக்குத் தொகுப்பு முழுவதும் நொறுங்கிவிட்டது. இடித்தவர் இறங்கி வந்து மிகவும் பணிவாகப் பேசினார். "போலீஸைக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் ராத்திரி வீண், செலவு முழுவதும் நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது. எண்களை எழுதிக்கொண்டோம். என் போனில் சார்ஜ் போய்க்கொண்டிருந்ததால் இரண்டே படம்தான் எடுக்க முடிந்தது: ஒன்று அவருடைய நம்பர் பிளேட், இன்னொன்று இரண்டு வண்டியும் ஒட்டி நிற்பது.

மறுநாள் காலை அவரே செய்தி அனுப்பினார்: "நேற்று நடந்ததற்கு மன்னிக்கவும். பட்டறையில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல்லுங்கள்." சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. ஆறாம் நாள் வந்த பதில்: "நீங்கள்தான் ரிவர்ஸில் வந்து என் மேல் இடித்தீர்கள்."

மூன்றாம் நாளிலிருந்து எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் கோப்பே திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை நாளைக்குப் பட்டறையில் விடுவதாக இருக்கிறேன். அவ்வளவுதானா, விட்டுவிட வேண்டியதுதானா?

பழைய சர்வேயர்

அம்மா, முதலில் ஒன்று. நாளைக்கு வண்டியைப் பட்டறையில் விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால், நான் சொல்லும்வரை எதையும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இப்போது உங்களிடம் இருக்கிற பெரிய சாட்சி அந்த வண்டிதான். பழுது பார்த்த மறுநிமிடம் அது வாயை மூடிக்கொண்டுவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவன். போலீஸ் ரிப்போர்ட் இல்லாத கோப்புகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. பலவற்றில் பணம் கிடைத்தது. கிடைக்காமல் போனவற்றை நினைத்துப் பார்த்தால், ரிப்போர்ட் இல்லாததைவிட வேறு எதுவும் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

போலீஸ் ரிப்போர்ட் என்பது என்ன? இடி நடந்த பிறகு வந்த ஒருவர், தான் பார்த்த வண்டிகளின் நிலையையும், இரண்டு தரப்பும் சொன்னதையும் எழுதி வைத்த தாள். இடித்ததை அவர் பார்க்கவில்லை. அது வலுவாக இருப்பதற்குக் காரணம், அன்றைக்கே எழுதியது, இரண்டு பேருக்கும் வேண்டப்பட்டவர் அல்லாத மூன்றாம் ஆள் எழுதியது என்பதுதான். அந்த இரண்டு குணமும் உள்ள வேறு சான்று உங்களிடம் இருந்தால் அதுவும் நிற்கும்.

மறுநாள் காலையில் அவர் அனுப்பிய செய்தி அப்படிப்பட்டது. ரிவர்ஸில் வந்து தன் வண்டியை இடித்த ஆளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டு, பட்டறைச் செலவு எவ்வளவு என்றும் விசாரிப்பார்களா? அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு உரையாடலையும், தேதி நேரத்தோடு, அவருடைய எண் தெரியும்படி, ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

சாலையோரம்

எனக்கு இதேபோல நடந்தது, நான் தோற்றேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

என்னை இடித்தவரும் நல்லபடியாகத்தான் பேசினார். நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் வண்டியைச் சரிசெய்து, பழைய பாகங்களைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிட்டேன். எதிரில் இருந்த கட்டடத்தில் கேமரா இருந்தது. போய்க் கேட்டபோது, அவர்களுடைய கருவியில் பத்து நாளைக்கு மேல் பதிவு நிற்காது என்றார்கள். முதுகுவலிக்கு மருத்துவரிடமும் போகவில்லை, மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடைசியில் என் கையில் என் வார்த்தை, அவர் கையில் அவருடைய வார்த்தை. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்கிறவருக்கு. சமமாக இருந்தால் கேட்கிறவர் தோற்பார்.

கீழ்வானம், 11 நாள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கே போங்கள்.

இயன்முறை

நான் இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிறேன். கழுத்துவலி மூன்றாம் நாள் வந்தது என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து இடிக்கும்போது உடம்பு இருக்கையோடு முன்னே தள்ளப்படும், தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே வீசப்படும். கழுத்துத் தசையிலும் தசைநாரிலும் ஏற்படுகிற அந்த இழுவை சில மணி நேரம், சில சமயம் சில நாள் கழித்துத்தான் வலியாகத் தெரியும்.

மருத்துவரைப் பார்த்தீர்களா? எழுதவில்லையே. பார்க்கவில்லை என்றால் நாளைக்கே பாருங்கள். கையில் மரத்துப்போவது, விரலில் பலம் குறைவது, விடாத தலைவலி, வாந்தி, நடையில் தடுமாற்றம் இதில் எதாவது இருந்தால் நாளை என்று தள்ளாமல் இன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். க்ளெய்ம் எல்லாம் அதற்குப் பிறகு.

மருத்துவரிடம் வலியை மட்டும் சொல்லாமல் எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள்: இன்ன தேதி, நின்ற காரில் இருந்தேன், பின்னால் இடித்தது, மூன்றாம் நாள் வலி தொடங்கியது. அவர் அதைக் குறிப்பில் எழுதுவார். சொல்லாவிட்டால் "கழுத்துவலி" என்று மட்டும்தான் அதில் இருக்கும். தலையணை சரியில்லாமல் வந்த வலி என்று நாளைக்கு யாரும் சொல்லலாம்.

வேகநடை

சுலபமான வழி இருக்கிறதே. இப்போது போலீஸிடம் போய், நேற்றுதான் நடந்தது என்று சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் கிடைத்துவிடும். இடித்தது உண்மைதானே?

எழுத்தாணி

வேகநடை, நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள், ஆனால் இதை யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர். தேதியை மாற்றிச் சொன்னால் அது பொய்ப் புகார், தனிக் குற்றம். அதோடு இங்கே எதிராளி அனுப்பிய மன்னிப்புச் செய்தியில் பழைய தேதி இருக்கிறது. கீழ்வானத்திடம் இருக்கிற மிக நல்ல சான்றை அவரே பொய்யாக்கியதாக ஆகிவிடும். உண்மையான க்ளெய்ம் ஒரு சின்னப் பொய்யால் முழுவதும் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போலீஸிடம் போகலாம், போகவும் வேண்டும். உண்மையான தேதியோடு. "அன்றைக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பு செலவை ஏற்பதாகச் சொன்னார், எனக்கு அன்று வலி இல்லை, பிறகு வலி வந்தது, அவர் பேச்சை மாற்றினார் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தாமதமாகப் பதிவான புகாருக்கு அன்றைக்கே எழுதியதன் மதிப்பு வராது. ஆனாலும் நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம். பதிவு எண்ணையோ, மனு பெற்றதற்கான ரசீதையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் விதி நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் யாருக்காவது அடிபட்டால் போலீஸுக்குச் சொல்வது கட்டாயம். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, இடித்த இடத்திலேயே பெயர், முகவரி கொடுக்காத ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸிடம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2011இல் உச்ச நீதிமன்றம், புகார் தாமதமாகப் பதிவானது என்ற ஒரே காரணத்துக்காக விபத்து இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு வைத்தியம் பார்ப்பதுதான் குடும்பத்துக்கு முதலில் தோன்றும், காவல் நிலையத்துக்கு ஓடுவது அல்ல என்பது அதன் நியாயம்.

ஐரோப்பாவின் பல நாடுகளில் சின்ன இடிகளுக்குப் போலீஸைக் கூப்பிடுவதே வழக்கமில்லை. அங்கே ஓட்டுநர்கள் வண்டியிலேயே ஒரு பொதுப் படிவம் வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து கட்டங்களில் குறியிட்டு, வரைபடம் போட்டு, கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்டங்களின் அமைப்பு ஒன்றுதான், அதனால் மொழி தெரியாத இரண்டு பேரும் நிரப்பிவிடலாம். ரிப்போர்ட் இல்லாமல் க்ளெய்மே கிடையாது என்பது உலகப் பொது விதி இல்லை என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

கோப்பு திறக்க முடியாது என்று போனில் சொன்னவரிடம், எழுத்தில் கேளுங்கள்: எந்த விதியின்படி, எந்தப் பிரிவின்படி ரிப்போர்ட் கட்டாயம்? போனில் கறாராகப் பேசுகிறவர்கள் எழுத்தில் அப்படி எழுதுவதில்லை.

கீழ்வானம்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு அழுதுகொண்டுதான் படுத்தேன், இன்று செய்ய ஏதோ இருக்கிறது என்ற தெம்பு வந்திருக்கிறது.

பட்டறைக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன். மருத்துவரைப் பார்த்தேன், எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார் இழுவை என்றார். இயன்முறை சொன்னபடி தேதியோடு எழுதச் சொன்னேன், எழுதினார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள்.

ஒரு பயம் இருக்கிறது எழுத்தாணி அக்கா. இரண்டாம் நாள் என் சொந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனில் சொன்னபோது "அடி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சைப் பதிவு செய்திருப்பார்களே?

எழுத்தாணி

பதிவு இருக்கும். இருக்கட்டும். அன்று உங்களுக்கு வலி இல்லை, அன்று சொன்னது உண்மை. மூன்றாம் நாள் வலி வந்தது, மருத்துவர் எழுதியிருக்கிறார், அதுவும் உண்மை. இன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்ன தேதியில் அடி இல்லை என்று தெரிவித்தேன். அதற்கு மறுநாள் வலி தொடங்கியது. மருத்துவக் குறிப்பு இணைப்பில்." அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொன்னால் அது முரண்பாடாகத் தெரியாது.

உங்கள் கம்பெனியிடம் இரண்டாம் நாளே சொன்னது நல்ல காரியம். தகவல் சொல்வது வேறு, பணம் கேட்பது வேறு. தவறு முழுவதும் எதிராளியுடையதாக இருந்தாலும் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகளில் நிபந்தனை உண்டு. அதைத் தவறவிட்டால் பின்னால் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இன்னொரு வேலை. இந்த இழையை மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால், உட்கார்ந்து உங்கள் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எந்தப் பாதையில் நின்றீர்கள், முன்னால் எத்தனை வண்டி, கால் எந்த மிதியில் இருந்தது, இடித்த சத்தத்துக்கு முன்னால் பிரேக் கிறீச்சிட்டதா, இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன. ஒரு கை வரைபடமும் போடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். எங்கள் பேச்சைக் கேட்கக் கேட்க, உங்களையே அறியாமல் நாங்கள் சொல்வதும் உங்கள் நினைவில் கலந்துவிடும். அதனால்தான் முதலில் எழுதச் சொல்கிறேன்.

திருகுசாவி

நான் மெக்கானிக். சகோதரி, உங்கள் வண்டி பழைய மாடலா, புதியதா? பின் விளக்கில் பழைய கம்பி பல்பா, எல்.இ.டி.யா? ரொம்ப முக்கியம், அதனால் கேட்கிறேன்.

கீழ்வானம்

பழைய மாடல் அண்ணா. பல்புதான். போன மாதம்தான் ஒன்று மாற்றினேன். நொறுங்கிய துண்டுகளை டிக்கியில் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

திருகுசாவி

அந்தப் பையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய விஷயம்.

பல்பு எரியும்போது உள்ளே இருக்கிற டங்ஸ்டன் கம்பி வெள்ளையாகச் சூடேறி, இளகிய நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் பலமான இடி விழுந்தால் கம்பிச்சுருள் இழுபட்டு, சுருள் விரிந்து, கோணலாகிவிடும். எரியாமல் குளிர்ந்திருக்கிற கம்பி அப்படி நீளாது. ஒன்று சுருள் மாறாமல் அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் பட்டென்று முறிந்திருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடி உடைந்து காற்று பட்டால் கம்பி கருகும், சுற்றிலும் வெளிறிய பொடி படியும். விபத்தை ஆராய்கிறவர்கள் பல காலமாகப் பார்த்துவருகிற அடையாளம் இது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். நீங்கள் ரிவர்ஸில் வந்திருந்தால் ரிவர்ஸ் விளக்கு எரிந்திருக்கும். சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றிருந்தால் பிரேக் விளக்கு எரிந்திருக்கும். அந்த இரண்டு பல்பும் இடது பக்கத் தொகுப்பில்தான் இருந்தனவா? உங்கள் வண்டியில் ரிவர்ஸ் விளக்கு எந்தப் பக்கம்?

கீழ்வானம்

இரண்டும் இடது பக்கம்தான். கை நடுங்குகிறது, இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

பழைய சர்வேயர்

பொறுங்கள் அம்மா, கையால் எடுக்க வேண்டாம். திருகுசாவி சொன்னது சரி, நானும் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்களே பல்பைக் கழற்றி, துடைத்து, மேசையில் வைத்துப் படம் எடுத்தால், "இதை நீங்களே செய்திருக்கலாமே" என்பார்கள். பை எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம். உள்ளே துண்டுகள் கிடக்கிற நிலையில் ஒரு படம். வண்டியில் மாட்டியபடியே இருக்கிற பல்புகளை அங்கேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, நெருக்கத்தில் பல படம். பிறகு இந்த வேலை தெரிந்த, உங்களுக்கு வேண்டப்பட்டவர் அல்லாத ஒரு சர்வேயரை வரவழைத்து அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த தேதியை எழுதி, தனித்தனி டப்பாவில் பஞ்சு வைத்து மூடி, மேலே கையெழுத்து.

படங்களைப் பற்றி ஒன்று. போனில் எடுத்த மூலப் படத்துக்குள் எடுத்த நேரமும், பல சமயம் இடமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். அன்று எடுத்த அந்த இரண்டு படத்தின் மூலத்தையும் போனிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது பம்பர். அந்தச் சர்வேயரிடம் இதையும் அளக்கச் சொல்லுங்கள். வேகமாக வருகிற கார் கடைசி நொடியில் பிரேக் அடித்தால் அதன் மூக்கு தாழும். எனவே நின்ற வண்டியின் மேல் விழும் அடி, எதிராளி பம்பரின் இயல்பான உயரத்தைவிடச் சற்றுக் கீழே பதியும். நீங்கள் பின்னால் மெதுவாக வந்து, நின்றிருந்த அவர் வண்டியில் முட்டியிருந்தால் அப்படித் தாழ்வதற்குக் காரணம் இல்லை. சாலைச் சரிவு, டிக்கியில் இருந்த சுமை எல்லாம் இதை மாற்றும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பல்பும், உயரமும், அவருடைய செய்தியும் ஒரே பக்கம் காட்டினால் அப்போது அது கனமான கோப்பு.

இப்படி இழப்பீடு கேட்கிற உரிமையியல் (சிவில்) வழக்கில் கேள்வி, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதுதான். குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

சாலையோரம்

கேமரா விஷயம் என்ன ஆனது? நான் இழந்தது அங்கேதான்.

கீழ்வானம்

போய்ப் பார்த்தேன். சிக்னல் பக்கத்தில் இரண்டு கட்டடங்களில் கேமரா இருக்கிறது. ஒன்று வாசலை மட்டும் பார்க்கிறது. இன்னொன்றில் ஏழு நாள் பதிவுதான் நிற்குமாம். நான்கு நாள் தாமதமாகிவிட்டேன்.

எழுத்தாணி

வருத்தப்படாதீர்கள். எதிராளியின் கார் புதியதா? அப்படியென்றால் அதற்குள் நிகழ்வுப் பதிவுக் கருவி இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம், மற்ற நாடுகளிலும் பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் அது இருக்கிறது. இடிக்கு முந்தைய சுமார் 5 வினாடியின் வேகம், பிரேக் மிதித்தாரா, ஆக்சிலரேட்டர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதியும். ஆனால் ஏர்பேக் விரியாத இடியின் பதிவு பின்னால் அழிந்துபோகலாம். சின்ன இடியாக இருந்தால் பதிவே ஆகியிருக்காது. பொதுவான விதிமுறையில், 0.15 வினாடிக்குள் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராவது மாறினால்தான் பதிவு தொடங்கும்.

அதனால் இன்றே அவருக்கும் அவருடைய கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: வண்டியின் பதிவுகளையும், டேஷ்கேம் (காருக்குள் சாலையைப் பார்த்து மாட்டும் கேமரா) இருந்தால் அதன் மெமரி அட்டையையும், பழுது பார்ப்பதற்கு முந்தைய படங்களையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். அவர் கொடுப்பாரா என்பது வேறு. நீங்கள் கேட்டிருந்தும் அழித்துவிட்டார் என்றால், பல நீதிமன்றங்கள் அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், அன்று அங்கே வேறு யாராவது நின்றார்களா? வண்டியைத் தள்ள உதவியவர், குடை பிடித்தவர், யாராவது?

கீழ்வானம்

ஒருவர் இருந்தார். பைக்கில் வந்தவர். காரை ஓரமாகத் தள்ள உதவினார். பெயர் தெரியாது. எண்ணும் வாங்கவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைவு வருகிறது. என் போன் அணைந்துவிட்டது என்று அவருடைய போனிலிருந்துதான் என் கணவருக்குப் பேசினேன்!

பழைய சர்வேயர்

அம்மா, உடனே உங்கள் கணவர் போனைப் பாருங்கள். அன்று மாலை 7 மணியை ஒட்டி வந்த அழைப்பு.

கீழ்வானம்

இருக்கிறது. 7.14க்கு, பெயர் இல்லாத ஓர் எண்.

எழுத்தாணி

அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். பைக்கில் வந்தவரிடம் பேசும்போது "சிவப்பு விளக்கில் நான் நின்றுகொண்டிருந்தேன் அல்லவா, பார்த்தீர்கள்தானே" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. "நீங்கள் பார்த்ததை உங்கள் வார்த்தையில் எழுதித் தர முடியுமா" என்று மட்டும் கேளுங்கள். எங்கே நின்றார், எவ்வளவு தூரம், எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை. தேதி, கையெழுத்து, தொடர்பு எண். உங்களுக்குச் சொந்தமில்லாத, உங்கள் வண்டியில் வராத ஒருவருடைய வார்த்தைக்கு மதிப்பு தனி.

வேகநடை

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தேதியை மாற்றியிருந்தால் இந்த அழைப்பு நேரம்கூடக் கீழ்வானத்துக்கு எதிராகத் திரும்பியிருக்கும். யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும் கீழ்வானம்.

அப்படியே ஒரு சந்தேகம். ரிப்போர்ட் இல்லாமல் எந்த க்ளெய்மும் போகலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய சர்வேயர்

கூடாது. இடித்துவிட்டு நிற்காமல் போனவர், இன்சூரன்ஸ் இல்லாதவர், வண்டித் திருட்டு, இவற்றில் பல பாலிசிகள் இத்தனை மணி நேரத்துக்குள் போலீஸிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அச்சிட்டே வைத்திருக்கும். காரணம், எதிராளியே இல்லாத இடத்தில் அந்தப் பதிவுதான் கம்பெனிக்கு ஆதாரம். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மற்றபடி அடிபட்டிருந்தாலோ, எதிராளி குடித்திருந்தாலோ, பெயர் சொல்லத் தயங்கினாலோ, கூப்பிட்டுவிடுவதே சரி. இரண்டு மணி நேரம் போனால் போகட்டும்.

கீழ்வானம் (ஏழு வாரம் கழித்து)

என்ன ஆனது என்று பலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள். இப்போதுதான் சொல்லும்படி ஏதோ இருக்கிறது.

பைக்கில் வந்தவர் முதல் அழைப்பிலேயே என்னை நினைவு வைத்திருந்தார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். என் கார் நின்றதைப் பார்த்தார், இடித்த கணத்தில் அவர் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டுத் திரும்பினார். அந்தக் கணத்தைப் பார்க்கவில்லை என்றும் அவரே எழுதினார். எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. அக்காதான், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியதால்தான் மற்றதை நம்புவார்கள் என்றார்.

சர்வேயர் வந்தார். பிரேக் பல்பின் கம்பி வளைந்து நீண்டிருந்தது. ரிவர்ஸ் பல்பின் கண்ணாடி உடைந்திருந்தும் உள்ளே சுருள் குலையாமல் பளிச்சென்று இருந்தது. திருகுசாவி அண்ணா, அதைப் பார்த்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் நாள் வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மூன்று பக்கக் கடிதத்தோடு எதிர்த்தரப்புக் கம்பெனிக்கு அனுப்பினோம். எந்த விதியின்படி ரிப்போர்ட் கட்டாயம் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் கோப்பு எண் வந்துவிட்டது. நான்காம் வாரம் அவர்களுடைய ஆள் வண்டியைப் பார்த்தார். போன வாரம் தவறு தங்கள் தரப்பில்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். வண்டிச் செலவு முழுவதும், கழுத்துக்கு ஒரு சிறு தொகை, "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்று தலைப்பு. வெள்ளிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். சிகிச்சை இன்னும் முடியவில்லை.

எழுத்தாணி

போடாதீர்கள். அதில் கையெழுத்திட்டால், நாளைக்குக் கழுத்து இன்னும் மோசமானாலும் திரும்பக் கேட்க முடியாது. வண்டிக்கும் உடம்புக்கும் தனித்தனியாகத் தீர்வு கேளுங்கள். வண்டிக் கணக்கு முடிந்துவிட்டது, அதை இப்போதே வாங்கிக்கொள்ளலாம். உடம்புக் கணக்கு மருத்துவர் இனி மாற்றமில்லை என்று சொன்ன பிறகு. அதுவரை சிகிச்சை ரசீது, போக்குவரத்துச் செலவு, வேலைக்குப் போகாத நாளுக்கு அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஆனால் உங்கள் ஊர்ச் சட்டப்படி வழக்குப் போடக் கடைசி நாள் எது என்று இப்போதே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கம்பெனியோடு பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் பெரும்பாலும் அந்த நாள் தள்ளிப்போகாது. பேச்சு நீண்டுகொண்டே போய், அந்த நாள் கடந்த பிறகு என்னிடம் வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கீழ்வானம்

பிரித்துக் கேட்டேன் அக்கா. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். வண்டிக்கான தாளில் "உடல் காயத்துக்கான கோரிக்கையை இது பாதிக்காது" என்ற வரியைச் சேர்த்த பிறகே கையெழுத்திட்டேன். பணம் இன்று காலை வந்தது. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டேன், பல்புகள் மட்டும் டப்பாவில் என் அலமாரியில் இருக்கின்றன.

கழுத்து வலது பக்கம் முழுதாகத் திரும்புகிறது. இடது பக்கம் இன்னும் பாதிதான். கடைசி நாளைக் கேட்டுக் குறித்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.